உயிரியல் ஃபைனலுக்கு 14 நாள்: புத்தகமா, அட்டையா, பழைய வினாத்தாளா, வெள்ளைத் தாளா?

தேங்க்ஸ்கிவிங் விடுமுறை முடிந்து வகுப்புக்குத் திரும்பும்போது, அமெரிக்கக் கல்லூரி மாணவர்களுக்கு ஃபைனல் தேர்வு ஏறக்குறைய இரண்டு வாரத் தொலைவில் இருக்கும். முனைவர் பட்டத்துக்குப் படித்த காலத்தில் நான் முதலாண்டு உயிரியல் வகுப்புக்கு டி.ஏ.வாக, அதாவது பேராசிரியருக்கு உதவும் துணை ஆசிரியராக, இருந்தேன். லேப் எடுப்பேன், விடைத்தாள் திருத்துவேன். அந்த வேலை முடிந்து வருடங்கள் ஆகியும், டிசம்பர் வந்தால் யாராவது கூப்பிடுவார்கள். தெரிந்தவர் வீட்டுப் பிள்ளைகள், தமிழ்நாட்டில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து நேராக இங்கே வந்து சேர்ந்தவர்கள். கேள்வி ஒன்றுதான்: "அக்கா, 14 நாள் இருக்கு. புக்கை மறுபடி முழுசா வாசிக்கட்டுமா, ஃபிளாஷ்கார்டு போடட்டுமா, பழைய பேப்பர் போட்டுப் பாக்கட்டுமா?"

எல்லாவற்றையும் செய் என்று சொல்லிவிடலாம். ஆனால் வேதியியல், கால்குலஸ் ஃபைனல்களும் அதே வாரத்தில்தான் வரும். உயிரியலுக்கென்று நாளுக்கு மூன்று மணி நேரம் கிடைத்தால் அதுவே பெரிது. 14 நாளுக்கு 42 மணி நேரம். இந்த 42 மணி நேரத்தை எதில் செலவழிப்பது என்பதுதான் முடிவு செய்ய வேண்டியது. மருத்துவப் படிப்புக்கு விண்ணப்பிக்க நினைக்கும் பிள்ளைகளுக்கு இந்த ஒரு பாடத்தின் கிரேடு நாலு வருடம் கூடவே வரும் என்பதால், பொத்தாம் பொதுவாகப் பதில் சொல்ல எனக்கு மனம் வராது.

முதலில் தேர்வைப் பார்த்துவிடலாம். செமஸ்டர் நடுவில் வரும் மிட்டெர்ம் தேர்வு ஒவ்வொன்றும் நான்கைந்து வாரப் பாடத்தைத்தான் கேட்கும். செல் சுவாசம் நடத்தினால் செல் சுவாசம், மரபியல் நடத்தினால் மரபியல். ஃபைனலில் அந்தத் தடுப்புகள் இருக்காது. கதிர் அரிவாள் இரத்தசோகையை எடுத்துக்கொள்ளுங்கள். பீட்டா குளோபின் மரபணுவில் ஒரே ஒரு எழுத்து மாறுகிறது, ஜி.ஏ.ஜி. என்பது ஜி.டி.ஜி. ஆகிறது. அதனால் புரதச் சங்கிலியின் ஆறாவது இடத்தில் குளுட்டாமிக் அமிலத்துக்குப் பதிலாக வேலின் வந்து உட்காருகிறது. முதலாவது நீரோடு சேரும், இரண்டாவது நீரை விலக்கும். ஆக்சிஜன் குறைந்த இடத்தில் ஹீமோகுளோபின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டி நீண்ட இழைகளாகின்றன, சிவப்பணு அரிவாள்போல் வளைகிறது, நுண்குழாயில் அடைக்கிறது. அம்மா, அப்பா இருவரிடமிருந்தும் அந்த மரபணு வந்தால் நோய். ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் கடுமையான மலேரியாவிலிருந்து பாதுகாப்பு. அதனால்தான் மலேரியா உள்ள நிலங்களில் அந்த மரபணு அழியாமல் நின்றது. இந்தியாவில் 1952-இல் இது முதலில் பதிவானதும் நீலகிரிப் பழங்குடி மக்களிடம்தான்.

இந்த ஒரு நோய்க்குள் உயிர்வேதியியல், மரபியல், உடலியங்கியல், பரிணாமம் நான்கும் இருக்கின்றன. மிட்டெர்மில் இது நான்கு தனித்தனிக் கேள்வியாக வந்திருக்கும். ஃபைனலில் ஒரே கேள்வியின் நான்கு படிகளாக வரும். கடைசிப் படி பெரும்பாலும் கணக்கு. 100 பிறப்புகளில் ஒன்றுக்கு நோய் இருக்கிறது, ஹார்டி–வெயின்பெர்க் சமநிலை (மரபணு விகிதம் தலைமுறைக்குத் தலைமுறை மாறாத நிலை) நிலவுகிறது என்று வைத்துக்கொண்டால், நோயில்லாமல் மரபணுவை மட்டும் சுமப்பவர் எத்தனை பேர்? நோய் மரபணுவின் விகிதம் கியூ, இயல்பானதன் விகிதம் பி. கியூவின் வர்க்கம் 0.01, ஆகவே கியூ 0.1, பி 0.9. இரண்டையும் பெருக்கி இரட்டித்தால் 0.18. நூற்றுக்கு 18 பேர். நான்கு அத்தியாயத்தையும் தனித்தனியாக நன்றாகப் படித்த பிள்ளைகள் இந்த இடத்தில் நின்றுவிடுவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு விஷயம் தெரியும். ஓர் அத்தியாயத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாங்களாக நடந்து போன பழக்கம்தான் இல்லை. அந்த நடையை எந்த வழி அதிகம் பழக்குகிறது என்பதைப் பார்த்துத்தான் நான் வழிகளை ஒப்பிடுகிறேன்.

புத்தகத்தை மறுபடி வாசிப்பது

பெரும்பாலானவர்கள் முதலில் கை வைப்பது இதில்தான். ஏன் என்று எனக்குப் புரிகிறது. பயமாக இருக்கும் நேரத்தில் புத்தகத்தைத் திறந்து பக்கம் பக்கமாக நகர்வது நிம்மதி தரும். வேலை நடக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியும்.

நேரத்தை வைத்துப் பாருங்கள். அமெரிக்காவில் பரவலாகப் பயன்படும் தடித்த உயிரியல் பாடநூலில் எட்டு அலகு, 56 அத்தியாயம். ஒரு செமஸ்டரில் 20 அத்தியாயம் ஓடியிருந்தால், ஒன்றுக்கு இரண்டு மணி நேரம் என்று வைத்தாலே 40 மணி நேரம் தீர்ந்தது. மிச்சம் இரண்டு மணி. அந்த 40 மணி நேரத்துக்கு என்ன கிடைக்கும்?

செயின்ட் லூயிஸ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ரோடிகரும் கார்ப்பிக்கியும் செய்து 2006-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இதற்கு நேரான விடை வைத்திருக்கிறது. மாணவர்களுக்குச் சிறு கட்டுரைகளைக் கொடுத்தார்கள். ஒரு குழு நான்கு வேளையும் திரும்பத் திரும்ப வாசித்தது. இன்னொரு குழு முதல் வேளை மட்டும் வாசித்து, அடுத்த மூன்று வேளையும் தாளை மூடிவிட்டு நினைவில் இருப்பதை எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது வாசித்த குழுவுக்கு 83 சதவீதம் நினைவில் இருந்தது, எழுதிப் பார்த்த குழுவுக்கு 71. ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது கணக்கு திரும்பிவிட்டது. வாசித்தவர்களுக்கு 40, எழுதிப் பார்த்தவர்களுக்கு 61. இத்தனைக்கும் முதல் குழு அந்தக் கட்டுரையைச் சராசரியாக 14 தடவை வாசித்திருந்தது, இரண்டாவது குழு மூன்று தடவைக்குச் சற்று மேல். இன்னொன்றும் உண்டு: தங்களுக்கு நன்றாக நினைவிருக்கும் என்று அதிகம் நம்பியது வாசித்த குழுதான்.

அந்த ஐந்து நிமிட வெற்றிதான் நம்மை ஏமாற்றுகிறது. வாசித்து முடித்ததும் "ஆமாம், தெரியுது" என்று தோன்றும். எழுத்து கண்ணுக்குப் பழகிவிட்டது என்பதைத் தவிர அதற்கு வேறு பொருளில்லை. ஹைலைட்டர் போடுவதும் இதே கதை. 2013-இல் டன்லோஸ்கியும் சக ஆய்வாளர்களும் பத்துப் படிப்பு முறைகளை அலசி எடுத்த பட்டியலில், மறுவாசிப்பும் ஹைலைட்டரும் குறைந்த பயன் தரும் வரிசையில் நிற்கின்றன. அதிகப் பயன் என்று அவர்கள் சொன்னவை இரண்டுதான்: தன்னைத் தானே சோதித்துக்கொள்வது, நாள் விட்டு நாள் பிரித்துப் படிப்பது.

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் படித்து வந்த பிள்ளைகளுக்கு இங்கே தனியாக ஒன்று சொல்ல வேண்டும். ஒரு மதிப்பெண், இரண்டு, மூன்று, ஐந்து என்று பிரித்து, புக் பேக் கேள்வியை விடாமல் எழுதிப் பார்த்துத் தேறியவர்கள் நாம். அந்த எழுதிப் பார்க்கும் பழக்கம் பெரிய சொத்து. இங்குள்ள பிள்ளைகள் பலருக்கு அது கிடையாது. ஆனால் கேள்வி புத்தகத்தில் இருக்கும் வாக்கியத்திலேயே வரும் என்ற எதிர்பார்ப்பையும் நாம் கூடவே தூக்கிக்கொண்டு வருகிறோம். "அக்கா, மூணு தடவை படிச்சேன், பேப்பர்ல வந்தது எதுவுமே புக்ல இல்ல" என்று ஒரு தம்பி மிட்டெர்ம் முடிந்த அன்று உடைந்துபோய்ச் சொன்னான். வினாத்தாளை வாங்கிப் பார்த்தேன். எல்லாம் புத்தகத்தில் இருந்தது, அதே சொற்களில் இல்லை, அவ்வளவுதான். பழக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள், எதிர்பார்ப்பை விட்டுவிடுங்கள் என்பதுதான் அவனுக்குச் சொன்னது.

மறுவாசிப்பு சரியான தேர்வாக இருக்கும் நிலைமை ஒன்று உண்டு. உடல்நிலை சரியில்லாமலோ வேறு காரணத்தாலோ சில வாரங்கள் வகுப்புக்கே போகவில்லை என்றால், அந்த அத்தியாயங்களை முதல் தடவையாக வாசிக்கத்தான் வேண்டும். தெரியாததை நினைவுகூர முடியாது. அதற்கு மூன்று நாள் வரை ஒதுக்கலாம். மற்றவர்கள் புத்தகத்தை அகராதிபோல் வைத்துக்கொண்டால் போதும், ஐயம் வந்த பக்கத்தை மட்டும் திறப்பதற்கு.

பழைய வினாத்தாளும் கேள்விகளும்

என் வாக்கு இதற்குத்தான். 42 மணி நேரத்தில் ஏறக்குறைய பாதியை நான் இதற்குக் கொடுப்பேன்.

கேள்வி எங்கே கிடைக்கும்? முதல் இடம், உங்கள் பேராசிரியர் முந்தைய செமஸ்டர்களில் கொடுத்த தாள்கள். பலர் வகுப்பின் இணையப் பக்கத்திலேயே போட்டிருப்பார்கள். இல்லையென்றால் ஆஃபீஸ் ஹவர்ஸில் போய்க் கேளுங்கள். கேட்பதில் தயக்கம் வேண்டாம். நம் ஊர் வழக்கத்தில் ஆசிரியரிடம் நேராகப் போய் நிற்கக் கூச்சம் இருக்கும், இங்கே அந்த நேரம் மாணவர்களுக்கென்றே ஒதுக்கப்பட்டது. இரண்டாவது இடம், உங்களுடைய மிட்டெர்ம் தாள்கள். இதைவிடப் பெறுமதியானது வேறில்லை. எங்கே தவறினீர்கள் என்று உங்கள் கையெழுத்திலேயே இருக்கிறது. அதற்குப் பிறகு வகுப்பில் கிளிக்கர் (விடையை அழுத்திச் சொல்லும் சிறு கருவி) வைத்துக் கேட்ட கேள்விகள். அதுவும் போதவில்லை என்றால், ரைஸ் பல்கலைக்கழகத்தின் ஓப்பன்ஸ்டாக்ஸ் இலவசமாகத் தரும் உயிரியல் பாடநூலில் ஒவ்வோர் அத்தியாயத்தின் முடிவிலும் கேள்விகள் உண்டு. அதில் சிந்தனைக் கேள்விகள் என்று தனியாக இருப்பவற்றை எடுத்துக்கொள்ளுங்கள், மேலோட்டமானவற்றை விடலாம்.

எப்படிப் போட்டுப் பார்ப்பது என்பதில்தான் பலன் இருக்கிறது. நான்கு விடையில் சரியானதை வட்டமிட்டு, பின்னால் திருப்பிச் சரிபார்த்து, 78 என்று போட்டுக்கொள்வதில் பாதிப் பயன் வீண். மற்ற மூன்று விடைகள் ஏன் தவறு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி எழுத வேண்டும். தவறான விடைகளைப் பேராசிரியர்கள் சும்மா போடுவதில்லை. மாணவர்கள் வழக்கமாக எங்கே குழம்புவார்கள் என்று தெரிந்துதான் வைக்கிறார்கள். ஆகவே ஒரு கேள்வி உண்மையில் நான்கு கேள்வி.

ஓர் எடுத்துக்காட்டு. சயனைடு, மைட்டோகாண்ட்ரியாவின் எலக்ட்ரான் கடத்துச் சங்கிலியில் ஆக்சிஜனுக்கு எலக்ட்ரானை ஒப்படைக்கும் கடைசி நொதியை முடக்கிவிடுகிறது. அப்படியானால் ஆக்சிஜன் பயன்பாடு, எலக்ட்ரானைச் சுமந்து வரும் என்.ஏ.டி.எச். அளவு, கிரெப்ஸ் சுழற்சி, லாக்டிக் அமிலம் இவை கூடுமா, குறையுமா? படிப்படியாகப் போக வேண்டும். கடைசிக் கதவு மூடினால் எலக்ட்ரான் வரிசை பின்னால் தேங்குகிறது. ஆக்சிஜன் செலவாகாது. என்.ஏ.டி.எச். தன் எலக்ட்ரானை இறக்கிவைக்க இடமில்லாமல் கூடிக்கொண்டே போகும். எலக்ட்ரானை இறக்கிவிட்ட வெறும் என்.ஏ.டி. கிடைக்காததால் கிரெப்ஸ் சுழற்சி நின்றுவிடும். குளுக்கோஸை உடைக்கும் முதல் கட்டமான கிளைகாலிசிஸுக்கும் என்.ஏ.டி. தேவை, செல் அதை நொதித்தல் வழியாகத் திரும்பப் பெறப் பார்க்கும், லாக்டிக் அமிலம் ஏறும். குளுக்கோஸ் ஒன்றுக்கு 30 அல்லது 32 ஏ.டி.பி. (செல்லின் ஆற்றல் மூலக்கூறு) என்று மனப்பாடம் செய்தவரால் இந்த விடையை எழுத முடியாது. இதை ஒரு தடவை தானாகப் போட்டுப் பார்த்தவருக்கு, நஞ்சு வேறாக இருந்தாலும், கதவு வேறாக இருந்தாலும் வழி தெரியும்.

இந்த வழிக்கும் குறைகள் உண்டு. பழைய தாள்கள் சீக்கிரம் தீர்ந்துவிடும். ஒரே தாளை மூன்றாவது தடவை போடும்போது விடைதான் நினைவுக்கு வரும், காரணம் வராது. அதனால் ஒரு தாளைக் கடைசி வாரத்துக்கென்று தொடாமல் வைத்திருங்கள். வேறு பேராசிரியரின் தாள் உங்கள் பாடத்திட்டத்தில் இல்லாததைக் கேட்டுக் கலங்கடிக்கும். சிலபஸோடு ஒப்பிட்டு அந்தக் கேள்விகளை அடித்துவிடலாம். இப்போது பலர் செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கேள்வி தயாரிக்கச் சொல்கிறார்கள். கேள்விக்கு அது பரவாயில்லை. அது தரும் விடையை மட்டும் வகுப்பு ஸ்லைடோடு வைத்துச் சரிபார்க்காமல் நம்ப வேண்டாம்.

இன்னொரு குறை மனம் சார்ந்தது. முதல் தாளில் 50 வந்தால் நெஞ்சு அடைக்கும், புத்தகத்துக்கே திரும்பி ஓடத் தோன்றும். ஓடாதீர்கள். 12 நாள் முன்னால் வந்த 50, எதைப் படிக்க வேண்டும் என்று உங்களுக்குச் சொல்கிறது. புத்தகத்தைப் பத்துத் தடவை புரட்டினாலும் அது அதைச் சொல்லாது.

ஃபிளாஷ்கார்டு

அட்டையின் ஒரு பக்கம் கேள்வி, மறு பக்கம் விடை. தெரிந்த அட்டை சில நாள் கழித்து வரும், தெரியாதது நாளையே வரும். செபாஸ்டியன் லைட்னர் 1972-இல் பெட்டிகளை வைத்துச் சொன்ன முறையை இன்று அன்கி போன்ற செயலிகள் தாமே கணக்கிட்டுச் செய்கின்றன. அன்கி என்பது மனப்பாடம் என்று பொருள்படும் ஜப்பானியச் சொல். கணினியிலும் ஆண்ட்ராய்டிலும் இலவசம், ஐஃபோனுக்குக் காசு.

செமஸ்டர் தொடக்கத்திலிருந்தே அட்டை போட்டுவந்தவருக்கு இது அருமையான கருவி. அவர்கள் இந்த 14 நாளில் தினமும் அரை மணி நேரம் ஓட்டிக்கொண்டிருந்தால் போதும். ஆனால் இனிமேல்தான் அட்டை போடத் தொடங்கப் போகிறோம் என்பவர்களிடம் நான் வேறு மாதிரிச் சொல்வேன். 600 அட்டை தயாரிக்க மூன்று நாள் போகும், அந்த மூன்று நாளும் தட்டச்சுதான் நடக்கும். அதோடு, நாள் விட்டு நாள் வந்து பதிவதுதான் இந்த முறையின் பலமே. அதற்கு வேண்டிய நாள் இனி இல்லை. 150 அட்டைக்கு மேல் போக வேண்டாம். சொற்களுக்கும், ஹார்மோன்களுக்கும், விலங்குத் தொகுதிகளுக்கும் மட்டும் போடுங்கள்.

அட்டையின் பெரிய குறை, அது எல்லாவற்றையும் துண்டுதுண்டாக்கிவிடும். "கிளைகாலிசிஸ் எங்கே நடக்கிறது?" என்ற அட்டைக்கு "சைட்டோபிளாசம்" என்று நொடியில் சொல்லும் பிள்ளை, சயனைடு கேள்வியில் திகைத்து நிற்கும். அட்டையையே கொஞ்சம் மாற்றி எழுதலாம்: "ஆக்சிஜன் கிடைக்காத தசைச் செல்லுக்கு என்.ஏ.டி. எப்படித் திரும்பக் கிடைக்கிறது, கிடைக்காவிட்டால் எது நிற்கும்?" இப்படி 40 அட்டை இருந்தாலே 400 அட்டைக்குச் சமம்.

தமிழ் வழியில் படித்தவர்கள் தங்களுக்கு இது பலவீனம் என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆஸ்மாசிஸ் என்ற சொல்லிலிருந்து ஒன்றும் தெரியாது. சவ்வூடுபரவல் என்ற சொல்லிலேயே சவ்வு இருக்கிறது, ஊடு இருக்கிறது, பரவல் இருக்கிறது. மியாசிஸ் எது, மைட்டாசிஸ் எது என்று இங்குள்ள பிள்ளைகள் மூன்றாம் வாரம்வரை குழம்புவார்கள். மியாசிஸைக் குன்றல் பகுப்பு என்று படித்தவனுக்கு குரோமோசோம் எண்ணிக்கை எதில் குன்றும் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. அட்டையின் பின்பக்கம் அந்தத் தமிழ்ச் சொல்லையும் எழுதிவையுங்கள். தேர்வில் எழுதப்போவது ஆங்கிலம்தான், ஆனால் பொருளை இழுத்து வருவது இந்தச் சொல்லாக இருக்கலாம்.

வெள்ளைத் தாள்

புத்தகம், ஸ்லைடு, ஃபோன் எல்லாவற்றையும் மூடிவைத்துவிட்டு, ஒரு வெற்றுத் தாளில் ஒரு நிகழ்வை முழுதாக வரைவது. 20 நிமிடம். பிறகு புத்தகத்தைத் திறந்து, விட்டதையும் தவறியதையும் சிவப்புப் பேனாவில் போடுவது. மறுநாள் புதுத் தாளில் மறுபடி.

மூடிவைத்து என்ற சொல் இங்கே முக்கியம். பர்டியூ பல்கலைக்கழகத்தில் கார்ப்பிக்கியும் பிளன்ட்டும் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு குழு பாடத்தை எதிரில் வைத்துக்கொண்டு கருத்து வரைபடம் போட்டது, இன்னொரு குழு பாடத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதியது. ஒரு வாரம் கழித்து, நேரடிக் கேள்வியிலும், யோசித்து விடை சொல்ல வேண்டிய கேள்வியிலும் மூடி எழுதிய குழுதான் முந்தியது. வண்ண வண்ணமாக அழகான வரைபடம் போட்டுச் சுவரில் ஒட்டிவைத்திருக்கும் பிள்ளைகளைப் பார்க்கும்போது எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும். உழைப்பு முழுக்கக் கையில் போய்விடுகிறது.

குன்றல் பகுப்பை நான்கு குரோமோசோம் உள்ள ஒரு செல்லில் இரண்டு வண்ணப் பென்சிலால் வரைந்து பாருங்கள். அம்மாவிடமிருந்து வந்தவை சிவப்பு, அப்பாவிடமிருந்து வந்தவை நீலம். முதல் பகுப்பில் ஜோடிகள் பிரிகின்றனவா, இரண்டாவதிலா? சகோதரி குரோமாடிடுகள் எப்போது பிரிகின்றன? ஜோடிகள் நடுக்கோட்டில் எத்தனை விதமாக நிற்கலாம்? இரண்டு ஜோடிக்கு நான்கு வகை இனச்செல். மனிதனின் 23 ஜோடிக்கு, இரண்டை 23 தடவை பெருக்கினால், சுமார் 84 லட்சம். குறுக்கேற்றத்தை இன்னும் சேர்க்கவே இல்லை. இந்த ஒரு தாளில் மெண்டலின் சார்பின்றி ஒதுங்குதல் விதியும், பரிணாமத்துக்குத் தேவையான வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்பதும் சேர்ந்து வந்துவிடும்.

மேலே சொன்ன அந்தத் தம்பி, ஃபைனலுக்கு ஒன்பது நாள் இருக்கும்போது இப்படி வரைந்த ஒரு தாளைப் படமெடுத்து அனுப்பினான். ஒளிச்சேர்க்கையும் செல் சுவாசமும் ஒரே தாளில். பசுங்கணிகத்திலிருந்து ஒரு அம்பு, மைட்டோகாண்ட்ரியாவுக்கு ஒரு அம்பு, எல்லாம் அழகாக இருந்தது. ஆனால் வெளியேறும் ஆக்சிஜனை கார்பன் டை ஆக்சைடிலிருந்து வரைந்திருந்தான். அது தண்ணீரிலிருந்து வருகிறது. மூன்று தடவை வாசித்த புத்தகத்தில் அந்தத் தவறு அவன் கண்ணில் படவே இல்லை. புத்தகத்தில் தவறு இல்லையே, அவன் மனதில்தானே இருந்தது. தாளில் வந்த பிறகுதான் இருவரும் பார்த்தோம்.

கூடவே அவனிடம் வேறொரு கேள்வியைக் கேட்டேன். 17-ஆம் நூற்றாண்டில் வான் ஹெல்மான்ட் 200 பவுண்டு உலர்ந்த மண்ணில் ஐந்து பவுண்டு எடையுள்ள வில்லோக் கன்றை நட்டு, தண்ணீர் மட்டும் ஊற்றி ஐந்து வருடம் வளர்த்தார். மரம் 169 பவுண்டு ஆனது, மண் குறைந்தது இரண்டு அவுன்ஸ் போல. எல்லாம் தண்ணீரிலிருந்து வந்தது என்று அவர் முடிவு செய்தார். அந்த எடை உண்மையில் எங்கிருந்து வந்தது? "காத்துல இருந்து" என்று சொல்லிவிட்டு, தன் தாளையே மறுபடி பார்த்தான். கார்பன் டை ஆக்சைடின் அம்பு போக வேண்டிய இடம் சர்க்கரை என்று அதற்குப் பிறகு நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

வரைய வராது என்பவர்கள் வாயால் சொல்லலாம். ஊரில் இருக்கும் அம்மாவைக் கூப்பிட்டு, செடி எப்படிச் சாப்பிடுகிறது என்று தமிழில் சொல்லிப் பாருங்கள். ஆங்கிலத்தில் சொல்லும்போது மனப்பாடமான வாக்கியம் நம்மைக் காப்பாற்றிவிடும். தமிழில் சொல்லும்போது, புரியாத இடத்தில் நாக்கு தானாக நின்றுவிடும். அந்த இடத்தைக் குறித்துக்கொண்டு புத்தகத்தைத் திறங்கள்.

இந்த வழியின் விலை நேரம். ஒரு தலைப்புக்கு, இரண்டு முறை என்று வைத்தால், ஒரு மணி நேரம் ஆகும். பாடத்திட்டம் முழுவதையும் இப்படிச் செய்ய முடியாது. நான் எட்டுத் தலைப்பு தேர்ந்தெடுப்பேன்: சவ்வு வழிக் கடத்தல், செல் சுவாசம், ஒளிச்சேர்க்கை, இரு செல் பகுப்புகளும் அருகருகே, டி.என்.ஏ. இரட்டிப்பு, மரபணுவிலிருந்து புரதம்வரை, இயற்கைத் தேர்வு, பேராசிரியர் அதிக வகுப்பு எடுத்த ஏதாவது ஒன்று.

குழுவாகப் படிப்பதும் காணொளியும் இதற்கு அடுத்த வரிசைதான். மூன்று பேர், ஒவ்வொருவரும் ஐந்து கேள்வி எழுதிக்கொண்டு வந்து மற்றவர்களிடம் கேட்பது என்றால் போகலாம். நூலகத்தில் ஒரே மேசையில் அவரவர் ஸ்லைடைப் பார்ப்பதற்கு அறையிலேயே இருக்கலாம். காணொளி, புரியாத ஒரு விஷயத்தை முதல் தடவை புரிந்துகொள்ள நல்லது, பத்து நிமிடம். அதற்கு மேல் பார்த்தால் அது மறுவாசிப்பேதான்.

எந்தப் பேராசிரியருக்கு எது

42 மணி நேரத்தை நான் பிரிப்பது இப்படி: கேள்விகளுக்கு 20, வெள்ளைத் தாளுக்கு எட்டு, அட்டைக்கு ஆறு, தவறியதைப் புத்தகத்தில் போய்ப் பார்க்க எட்டு. ஆனால் உங்கள் மிட்டெர்ம் தாள்களை எடுத்து வைத்துக்கொண்டு ஒருமுறை எண்ணிப் பாருங்கள். சொல்லும் பொருளும் கேட்கும் கேள்விகள் பாதிக்கு மேல் இருந்தால், அட்டைக்கு 12 மணி நேரம் கொடுத்துக் கேள்வியைக் குறைக்கலாம். வரைபடம், சோதனை முடிவு, அட்டவணை கொடுத்து "இதிலிருந்து என்ன தெரிகிறது" என்று கேட்பவராக இருந்தால், அட்டையை ஏறக்குறைய விட்டுவிடலாம். விரிவாக எழுதச் சொல்பவர் என்றால் வெள்ளைத் தாளை இரட்டிப்பாக்குங்கள்.

தலைப்புகளைக் கலந்து படியுங்கள். திங்கள் முழுக்க மரபியல், செவ்வாய் முழுக்கச் சூழலியல் என்று போகாமல், ஒரே நாளில் மூன்று அலகிலிருந்து கேள்வி எடுங்கள். எந்த முறையைப் பயன்படுத்த வேண்டும் என்று கண்டுபிடிப்பதே ஃபைனலில் பாதி வேலை. மரபியல் பக்கத்தில் இருக்கும் கேள்விக்கு அந்தப் பாதியைப் பக்கமே செய்து கொடுத்துவிடுகிறது.

14 நாள் இல்லை, மூன்று நாள்தான் இருக்கிறது என்று கூப்பிடுபவர்களும் உண்டு. அவர்களுக்குக் கணக்கு வேறு. முதல் நாள் காலை ஒரு பழைய தாள், நேரம் வைத்து, முழுதாக. அதில் மதிப்பெண் அதிகம் போன நான்கு தலைப்பை மட்டும் எடுத்து, மிச்ச நேரமும் இரண்டாம் நாளும் வெள்ளைத் தாள். மூன்றாம் நாள் இரண்டாவது பழைய தாளும் மிட்டெர்மில் தவறிய கேள்விகளும். புது அட்டை எதுவும் வேண்டாம், புத்தகம் முழுக்கப் புரட்ட வேண்டாம்.

கடைசி இரவைப் பொறுத்தவரை நான் விட்டுக்கொடுப்பதில்லை. விழித்திருந்து படித்துவிட்டு, காலையில் நீண்ட வினாத்தாளின் முன் உட்கார்ந்த பிள்ளைகளின் விடைத்தாள்களைத் திருத்தியிருக்கிறேன். கடைசிப் பக்கங்களில் தெரிந்த விஷயமே தலைகீழாக எழுதப்பட்டிருக்கும்; உள்ளே போக வேண்டியது வெளியே போகும், கூட வேண்டியது குறையும். இரவு பத்து மணிக்குப் பென்சில், கால்குலேட்டர், அடையாள அட்டை மூன்றையும் பையில் வைத்துவிட்டுப் படுங்கள். காலையில் எழுந்ததும் இரண்டே தாள்: செல் சுவாசம் ஒன்று, குன்றல் பகுப்பு ஒன்று. நினைவிலிருந்து வரைந்து பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.